மருதமுனை: நூலும் சந்தையும் யார் கையில்?

சீனாவின் தென்கிழக்குக் கரையில் வென்சோ என்றொரு நகரம். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் வயலுக்குப் போதாத நிலம். தைவானை நோக்கிய கரையில் கிடந்ததால் மாவோ காலத்து அரசாங்கம் அங்கே பணத்தைக் கொட்டத் துணியவில்லை. பிற்பாடு 1984இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட 14 கரையோர நகரங்களில் அதுவும் ஒன்றானது. அதற்குள் அங்குள்ள குடும்பங்கள் வீட்டு முன்னறையில் இயந்திரம் போட்டுச் சில்லறைச் சாமான்கள் செய்து விற்கத் தொடங்கியிருந்தன. அந்த மாவட்டத்தில் சியாவ்தோ என்ற சிற்றூர் சட்டைப் பொத்தானுக்கே பெயரெடுத்தது.

இதையெல்லாம் ஒரு நீண்ட கட்டுரையில் வாசித்துவிட்டு, கல்முனையில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் தொலைபேசியில் வியந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "சீனாக்குப் போறதுக்கு விசா எடுக்கோணும். மருதமுனைக்கு வர பஸ் எடுத்தாக் காணும்" என்றார். பஸ் எடுத்தேன்.

அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில் கல்முனையையும் பாண்டிருப்பையும் தாண்டினால் மருதமுனை. அதற்கு வடக்கே பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே வயல். வயல் இல்லாதவனுக்கு மீன், மீனும் இல்லாதவனுக்குத் தறி என்றுதான் இந்த ஊர் பிழைத்தது என்றார் நண்பர். தமிழ் இலக்கியம் தெரிந்தவர்களுக்கு இது புலவர்மணி ஆ.மு.ஷரிபுத்தீனின் ஊர், சிறுகதைக்காரர் மருதூர்க்கொத்தனின் ஊர். சாரம் உடுப்பவர்களுக்கு இது கைத்தறியின் ஊர்.

கைத்தறிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் பிரதான வீதியோடு நின்றுவிடுகின்றன. கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்குத் தெருக்களில் சத்தம்தான் வழிகாட்டி. ஒரு வீட்டில் தறி அடிக்கிறது, அடுத்த மூன்று வீட்டில் இல்லை, அதற்கப்பால் ஒரு கொட்டிலில் இரண்டு தறிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. நண்பரின் சின்ன வயதில் இந்தத் தெருவில் நின்று ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காதாம்.

நாங்கள் போன வீட்டில் தறி நின்றிருந்தது. பழைய பாவு (நீளவாக்கில் ஓடும் இழைகள்) முடிந்து புதுப் பாவு ஏற்றியிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. ஓடும் தறியைத்தான் எல்லோரும் படம் பிடித்துவிட்டார்களே.

தாத்தா (இப்பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர்) தறிக்குப் பின்னால் ஒரு சிறு பலகையில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய அடுப்புச் சாம்பல். பழைய பாவின் கடைசி முழம் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே தொங்கியது. அதை உருவிவிட்டால் ஒவ்வோர் இழையையும் மறுபடி விழுதின் கண்ணுக்குள்ளும் அச்சின் பல்லுக்குள்ளும் கோக்க வேண்டும். உருவாமல் விட்டு, பழைய இழையின் நுனியில் புதிய இழையின் நுனியைச் சேர்த்துவிட்டால், பழையது புதியதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு பல்லுக்குள் நுழையாது. முறுக்கத்தான் வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சாம்பலைத் தொடுகின்றன. இரண்டு நுனிகளையும் சேர்த்து ஓர் உருட்டு, மடித்து இன்னோர் உருட்டு, விடுகிறார், நிற்கிறது. நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் நாலைந்து இழைகள் தாண்டியிருந்தன. நீலத்துக்கு நீலம், வெள்ளைக்கு வெள்ளை என்று நிறமும் பிசகக் கூடாது. பிசகினால் கட்டம் கோணும்.

"எத்தின இழை தாத்தா?"

"அச்சில அங்குலத்துக்கு முப்பத்தாறு பல்லு. பல்லுக்கு ரெண்டு இழை. சாரம் நாப்பத்தாறு அங்குலம். நீங்க படிச்சாக்கள்தானே தம்பி, பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன். 3,312. ஒரு பாவுக்கு இத்தனை முறுக்கு. எந்த முறுக்கு தளர்ந்தாலும் தறி ஓடும்போது அந்த இழை கழன்றுவிடும், தறியை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

இந்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். தாத்தா கையை நிறுத்தாமலே சிரித்தார். "இதுக்கு ஆரு காசு தாற? சாரத்துக்குத்தான் காசு."

கைத்தறியின் கணக்கு அந்த ஒரு பதிலுக்குள் கிடக்கிறது. நாடா ஓட்டி நெய்பவருக்குச் சாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாளுக்கு இரண்டு சாரம், எல்லாம் கூடிவந்தால் மூன்று. ஆனால் நூலைக் கஞ்சி போட்டுக் காயவைப்பது, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவது, பாவு ஏற்றுவது, இழை முறுக்குவது எல்லாம் 'வீட்டு வேலை'. பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். சோறு ஆக்குவதைப் போல அதற்கும் விலை இல்லை.

நண்பர் சாயத் தொட்டிகளையும் காட்டக் கூட்டிப்போனார். வாடையில் கண் எரிந்தது, சீக்கிரம் திரும்பிவிட்டோம். தாத்தாவின் கணவர் (அண்ணனுக்கு இங்கே காக்கா என்று பெயர், நானும் அப்படித்தான் அழைத்தேன்) பாவில் நிறங்களைப் பங்கிடும் கணக்கை விளக்கினார். இத்தனை இழை மெரூன், இத்தனை இழை கறுப்பு என்று மனதிலிருந்தே ஒப்புவித்தார். அந்தக் கணக்கை இங்கே எழுத முயன்றால் வாசகர் என்னை மன்னிக்க மாட்டார். எனக்கு மறுபடியும் சாம்பல் சிரட்டைக்குப் பக்கத்தில் போய் உட்காரத்தான் மனம் இருந்தது.

தாத்தாவின் வாப்பாவுக்கு நான்கு குழித்தறிகள். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டிப் போட்டிருந்த காலம். பாணுக்கும் துணிக்கும் நாடே வரிசையில் நின்றது. மருதமுனைக்கு மட்டும் அது நல்ல காலம். அப்போது இலங்கையிலேயே நூல் நூற்றார்கள். வெயங்கொடையிலும் துல்கிரியவிலும் அரச ஆலைகள் இருந்தன. சீன உதவியில் கட்டிய ஆலை ஒன்று பூகொடையில் இருந்தது. வெளித்துணி வராததால் உள்ளூர்த் துணிக்குக் கேட்ட விலை.

"யாவாரிமார் எங்கட வாசல்ல வந்து காத்துக்கிட்டு நிண்டாங்க. வாப்பா அவங்களுக்கு டீ குடுக்கச் சொல்லுவார். இப்ப நாங்க போய் அவங்கட கடை வாசல்ல நிக்கிறம். டீ ஒண்ணும் தாறல்ல."

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனா வந்து கதவைத் திறந்துவிட்டார். மலிவுத் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. அரச ஆலைகள் பிற்காலத்தில் தனியார் கைக்குப் போயின. துல்கிரிய இன்று ஏற்றுமதி ஆடைத் தொழிலுக்கான எம்.ஏ.எஸ். துணிப் பூங்கா. வாப்பாவின் நான்கு தறியில் இரண்டு விறகானது. மூடிய பொருளாதாரத்தைப் புகழ நான் வரவில்லை; வரிசையில் நின்ற சனங்களையும் எனக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருந்தவனுக்கு ஒரு வருட அவகாசமாவது கொடுத்தார்களா?

பிறகு யுத்தம். 1990இல் இந்தக் கரையோர வீதி அச்சத்தின் வீதியானது. "நெஞ்ச சாரத்த பெட்டியில அடுக்கிவெச்சிட்டு இருந்தம். கொண்டுபோக ரோட்டு இல்ல."

பிறகு கடல். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் உயிரிழப்பு அதிகம், 10,000 பேருக்கு மேல். தாத்தாவின் வீடு அப்போது கடலுக்கு இன்னும் கிட்ட இருந்தது. உம்மாவும் தங்கையின் பிள்ளையும் மவுத்தானதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, தறியைப் பற்றித்தான் நீளமாகப் பேசினார். மரமெல்லாம் போய்விட்டது, குழி மட்டும் எஞ்சியது, குழிக்குள் வாய்வரை கடல் மண். அச்சு, பல்லெல்லாம் வளைந்தபடி, ஒரு முருங்கை மரத்தில் சிக்கியிருந்ததாம். அதை எடுத்துவந்து எதற்கென்று தெரியாமலே வைத்திருந்தாராம்.

கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று விதி வந்தது. மருதமுனையில் 65 மீற்றர் என்ற பெயரிலேயே ஒரு வீட்டுத்திட்டம் இருக்கிறது. உதவி நிறுவனங்களும் வந்தன. குழி தோண்டத் தேவையில்லாத சட்டத்தறிகளைக் கொடுத்தன. நாங்கள் போனபோது தாத்தா முறுக்கிக்கொண்டிருந்ததும் அப்படி வந்த தறியில்தான். எந்த நிறுவனம் தந்தது என்று அவருக்கு நினைவில்லை. "தறி தந்தாங்க, படம் எடுத்தாங்க. நூல் தரல்ல. நூல் இல்லாட்டி இது என்னத்துக்கு, உடுப்புக் காயப்போடவா?"

நூல் விவகாரம்தான் என்னை அன்று அதிகம் கோபப்படுத்தியது. இப்போது நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. சாயமும் இறக்குமதிதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியபோது நூல் விலையும் கூடவே ஏறியது. சாரத்தின் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. அரிசி வாங்கக் காசில்லாதவன் புதுச் சாரமா வாங்குவான்? கையில் முதல் இல்லாத நெசவாளி நூலைக் கடனுக்கு எடுக்கிறார். கடன் தந்தவருக்கே சாரத்தைக் கொடுக்கிறார். நூலின் விலையைச் சொல்பவரும் சாரத்தின் விலையைச் சொல்பவரும் ஒருவரே. நடுவில் நெசவாளியின் பங்காக மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அவரேதான் சொல்கிறார். சாரம் கொழும்புக் கடையில் மடித்து வைக்கப்படும்போது அதில் மருதமுனையின் பெயரும் இருப்பதில்லை, 3,312 முறுக்கின் கணக்கும் இருப்பதில்லை. இதை வியாபாரம் என்கிறோம். வேறு ஊரில், வேறு காலத்தில், கொத்தடிமை என்றிருப்போம்.

நான் குரலை உயர்த்தியதைக் கேட்டுக் காக்கா குறுக்கிட்டார். "அப்பிடிச் சொல்லப்படா தம்பி. அந்த யாவாரி இல்லாட்டி கொரோனா நேரத்துல எங்களுக்கு நூலே இல்ல. அவரும் எங்கட ஆள்தான், பள்ளியில எனக்குப் பக்கத்துல நிண்டு தொழுறவர்." எனக்குக் கோபம் குறையவில்லை. கோபப்பட வேண்டிய முகவரி மட்டும் மாறிவிட்டது. 2020இல் பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடை உற்பத்தி என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயரோடு ஓர் இராஜாங்க அமைச்சே வைத்திருந்தது இந்த நாடு. அதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். தாத்தாவுக்கு அப்படியோர் அமைச்சு இருந்ததே தெரியாது.

கைத்தறி ஏன் தேய்கிறது என்பதற்கு விசைத்தறி, இறக்குமதி, இளைஞர்கள் வெளிநாடு போவது என்று வழக்கமான காரணங்களை நானும் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். தாத்தா அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டினார். கொட்டிலின் ஒரு பக்கச் சுவர் புதிது. இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அவள் வீட்டில் இருப்பார். கடலுக்கும் வயலுக்கும் இடையில் நிலம் நீளாது. ஆகவே வாப்பா உம்மாவின் வளவே துண்டாகும். மூத்த மகளுக்கு வீடு எழும்பியபோது கொட்டிலில் பாதி போனது, மூன்று தறி ஒன்றானது. அந்த மருமகன் இப்போது கட்டாரில். அடுத்தவள் வீட்டில் இருக்கிறாள், தார் சுற்றிக்கொண்டே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு வீடு கட்டுற எண்டா மிச்சக் கொட்டிலையும் எடுக்கத்தான் வேணும்" என்றார் தாத்தா. அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு வீடு கொடுப்பது சந்தோஷமான காரியம். வென்சோவில் முன்னறை இயந்திரத்துக்குக் கிடைத்தது. மருதமுனையில் அது மணப்பெண்ணுக்கு. கைத்தறி பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையிலும் சீதன வீடு என்ற சொல்லே இல்லை. ஊர் நடுவில் பத்துத் தறி போடப் பொதுக் கொட்டில் ஒன்று இருந்தால் இந்தத் தறி விறகாகாமல் அங்கே போய்விடும். அது அமைச்சு வைத்துச் செய்யும் வேலையும் இல்லை.

வென்சோவைப் பற்றி வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இயந்திரங்களின் கதை அல்ல. சியாவ்தோவில் பொத்தான் சந்தை ஊருக்குள்ளேயே இருந்தது. வாங்குபவன்தான் பஸ் பிடித்து, மலை தாண்டி வந்தான். செய்பவனும் விலை பேசுபவனும் ஒரே தெருவில் நின்றார்கள். தாத்தாவின் வாப்பா காலத்து மருதமுனையும் அப்படித்தான் இருந்தது. அது சீனாவில் கற்க வேண்டிய பாடமும் அல்ல, ஐம்பது வருடத்துக்கு முந்திய நம்முடைய சொந்த அனுபவம்.

ஆகவே கல்முனை மாநகர சபைக்கும், கைத்தறிக்கு உதவ வேண்டும் என்று எண்ணும் எவருக்கும் ஒரு வேண்டுகோள். மருதமுனைக்கு இனித் தறி கொண்டுவர வேண்டாம், இருக்கிற தறிக்கே இடம் இல்லை. நெசவாளர் கூட்டுறவு ஒன்றின் பெயரில் நூலை நேரே இறக்கி, இறங்கிய விலைக்கே கொடுங்கள். ஒரு பொதுக் கொட்டில் கட்டுங்கள். ஏ4 வீதியோரம் வாரத்தில் ஒரு நாள் சாரச் சந்தைக்கு இடம் ஒதுக்குங்கள், விலையைத் தாத்தா சொல்லட்டும்.