பச்சை மை

அண்ணன் கல்லூரியில் சேர்ந்த வருஷம், 1988-ல், நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் 'அட்டஸ்டேஷன்'. எனக்கு அது ஏதோ வியாதியின் பெயர்போலக் கேட்டது. அப்பா கடைசிவரை 'அட்டேஷன்' என்றுதான் சொன்னார். அதில் ஒரு எழுத்துக்கூட அவரிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாங்கள் ஆடுதுறைப் பக்கம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதே ஊர்ப்பேச்சாக இருக்கும் நாட்களில், எங்கள் திண்ணையில் மட்டும் மார்க் ஷீட்டைப் பற்றிப் பேச்சு. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல், டி.சி., நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் வைக்க வேண்டும். ஜெராக்ஸ் மிஷின் அப்போதே கும்பகோணத்துக்கு வந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு அவர்கள் கேட்ட காசில் ஒரு காப்பி குடிக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். ஆகவே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனோம். அங்கே ஒரு அக்கா கார்பன் தாளைச் செருகி மூன்று பிரதி அடித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் தலையிலும் 'உண்மை நகல்' என்று அடிக்கோடிட்டு இருந்தது. மூன்றாவது பிரதியில் எழுத்தெல்லாம் நீலப் புகைபோல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இயற்பியலில் 142 வாங்கிய அண்ணன், உண்மை நகலில் 124 வாங்கியிருந்தான். மறுபடி பஸ், மறுபடி கார்பன்.

நகல் உண்மைதான் என்று ஒரு கெசட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சை மைப் பேனா வைத்திருந்தவர்கள் சொற்பம். பள்ளி லீவு, தலைமையாசிரியர் ஊருக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். அவரிடம் வெறும் காகிதத்தோடு போய் நிற்பது மரியாதையில்லை என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. எங்கள் வீட்டுச் செவலைக் கன்றையும் ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். கன்றுக்கு ஒரு குறையும் இல்லை. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன், அண்ணன் ஃபைலைப் பிடித்திருந்தான்.

டாக்டர் கன்றின் காதைத் தூக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு என்ன?" என்றார். அப்பா தலையைச் சொறிந்தபடி, "இதுக்கு ஒண்ணுமில்லீங்க. பையனுக்குத்தான்..." என்று ஃபைலைக் காட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். சோப்பு வாசனையோடு திரும்பி வந்து, அசலையும் நகலையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார். அவ்வளவு பச்சையான ஒன்றை வயலுக்கு வெளியே நான் அதுவரை பார்த்ததில்லை. கையெழுத்து, அதன்கீழ் முத்திரை. முத்திரை விழும் ஒவ்வொரு 'டொக்'குக்கும் கன்று காதை ஆட்டியது.

ஆக நகல்களுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. என்ன படிப்பது என்பதற்கு இதில் பாதிகூட ஆகவில்லை. தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை அண்ணன் எழுதியிருந்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அப்பாவுக்கு பி.காம். மேல் கண். கூட்டுறவு வங்கியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆளை வருஷா வருஷம் கடன் மனுவோடு பார்த்துவந்தவர் அவர். அம்மாவுக்கு எந்தப் படிப்பானாலும் சரி, விளக்கு வைப்பதற்குள் பஸ் கிடைத்தால் போதும்.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த மாமாதான் கணிதம் என்றார். காரணம் இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ராமானுஜன் நூற்றாண்டு நடந்து முடிந்திருந்தது. டவுன் ஹைஸ்கூல், சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு என்று கும்பகோணமே அவர் பேச்சாக இருந்தது. ராமானுஜன் 1904-ல் சேர்ந்ததும் இதே கல்லூரியில்தான். "அந்த மண்ணுல கணக்கு தானா வரும் மாப்ளே" என்றார் மாமா. அண்ணன் மெதுவாக, "அவரு இங்கிலீஷ்ல கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பே போயிடுச்சு மாமா" என்றான். மாமா அசரவில்லை. "நீ இங்கிலீஷ்ல பாஸாயிடு. பாக்கிய அவரு பாத்துக்குவாரு."

இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. அப்பாவும் அண்ணனும் மட்டும் போவதாக இருந்தது. நான் அழுத அழுகையில் மூன்றாவது டிக்கெட்டும், அதுவும் அரை டிக்கெட், எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் அன்றுதான் முதன்முதலாக பேண்ட் போட்டான். தையல்காரர் வளர்ச்சிக்கு இடம்விட்டுத் தைத்திருந்ததால் கால்பக்கம் இரண்டு மடிப்பு. சோழன் போக்குவரத்துக் கழகப் பஸ்ஸில், மடிப்புக் கலையக்கூடாதென்று இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

கல்லூரி காவிரிக் கரையில். ராமானுஜன் படித்த நாளில் பாலம் கிடையாது, படகில்தான் போவார்களாம். எங்களுக்குப் பாலம் இருந்தது. ஆனால் ஆற்றில்தான் தண்ணீர் இல்லையே. கரையோரப் பிள்ளைகள் மணலில் கிட்டிப்புள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஆற்றில் இறங்கி நடக்கலாம் என்றேன். அப்பா முறைத்தார். அண்ணன் பேண்ட்டைப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே ஒரு நீண்ட மேசை. அந்தப் பக்கம் நான்கைந்து பேராசிரியர்கள். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஒருவர் பச்சைக் கையெழுத்துகளை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார், ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. கன்றை எவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப்போனோம்!

"பி.காம். முடிஞ்சுபோச்சு. மேத்ஸ் இருக்கு, வேணுமா?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். பின்னால் அடுத்த பையனின் பெயரைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"வேணும் சார்."

அவ்வளவுதான். அண்ணன் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்ததற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம். மாமா மட்டும் சாகும்வரை அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டணம் கட்டி, அடையாள அட்டைக்கு ஃபோட்டோ கொடுத்து வெளியே வந்தபோது அப்பாவின் மடியில் மிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் அவர் திரும்பி நின்று, சுவரைப் பார்த்தபடி எண்ணினார். புதுப் புத்தகம் என்ற பேச்சே இல்லை. பொற்றாமரைக் குளத்துப் பக்கம் ஒரு சந்தில், பழைய புத்தகங்களைப் பாதி விலைக்கு விற்பவர் ஒருவர் இருந்தார். கடை என்றால் ஒரு திண்ணையும் ஒரு ரேழியும்தான். கூரைவரை புத்தகம். மடித்து வைத்த சாக்கும் பழுப்பேறிய காகிதமும் கலந்த அந்த மணத்தில் எனக்கு இரண்டு தும்மல் வந்தது.

"மேத்ஸா? நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை" என்று, கோயில் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்ட மாத்திரத்தில் ராசி சொல்வதுபோலச் சொன்னார் கடைக்காரர். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களுக்கு அந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆள்தான். கால்குலஸ், அல்ஜீப்ரா, டிரிகோணமெட்ரி, எதை எடுத்தாலும் அந்த இரட்டைப் பெயர். இயற்பியலுக்கு பிரிஜ்லால் சுப்ரமணியம். லாக் டேபிளுக்கு அட்டை இல்லை என்று சொல்லி அப்பா கால் ரூபாய் குறைத்தார். அல்ஜீப்ராவில் நடுவே பதினாறு பக்கம் காணோம். "அந்தப் பாடம் இப்ப சிலபஸ்ல இல்ல" என்றார் கடைக்காரர், கண் சிமிட்டாமல். அண்ணன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்த பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டினான். பதினாறு பக்கத்துக்கு எட்டணா தள்ளுபடி ஆனது.

கால்குலஸ் மூன்று பேர் கைமாறியது. முதல் பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, அதன்கீழ் இன்னொன்று அடிக்கப்பட்டு, மூன்றாவது பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. ஓரங்களில் பென்சில் விடைகள். ஒரு கணக்குக்குப் பக்கத்தில் யாரோ 'வராது' என்று எழுதியிருந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று அர்த்தம், அண்ணன் மகிழ்ந்துபோனான். போட்டால் விடை வராது என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வருஷப் பரீட்சைக்கு அந்தக் கணக்கு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் அப்பா இரண்டு பேருக்கும் டிகிரி காப்பி வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். பெட்டிக்கடையில் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார். முறுக்கும் கமர்கட்டும் கண்ணெதிரே இருந்தன. நான் பச்சை ரீஃபில் கேட்டேன்.

அன்றிரவு அரிக்கேன் விளக்கடியில் காக்கி அட்டை போட்டோம். அம்மா கிண்டிய மைதாப் பசையில் லேபிள் ஒட்டினோம். லேபிள்கள் பள்ளிக்கூடத்துக்கு அச்சடித்தவை: பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி. 'பள்ளி' என்பதை அண்ணன் ஸ்கேல் வைத்து அழகாக அடித்துவிட்டு மேலே 'கல்லூரி' என்று எழுதினான். 'பிரிவு' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். கடைசியில் வெறுமையாக விட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

அவன் தூங்கியதும் நான் பச்சைப் பேனாவை எடுத்தேன். ஆறு புத்தகங்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு லேபிளின் 'பிரிவு' கோட்டிலும் 'உண்மை நகல்' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். முத்திரை இல்லாதது குறையாகத்தான் இருந்தது. லேபிளில் பசை இன்னும் காயவில்லை. கட்டைவிரலை மையில் தேய்த்து, ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்தேன்.