ஊரார் எடுத்த படம்

வீட்டில் நாலு பேர் இருந்தால் இன்று நாலு காமிராவும் இருக்கிறது. ஆளுக்கொரு செல்போன், அதற்குள் ஆயிரக்கணக்கில் படங்கள். எடுக்கிறபோது இருக்கும் உற்சாகம், எடுத்ததைப் பார்க்கிறபோது இருக்கிறதா? முன்பெல்லாம் பீரோவில் ஓர் ஆல்பம் இருக்கும். விருந்தாளி வந்தால் காப்பியோடு அதுவும் கூடத்துக்கு வந்துவிடும். இப்போது படங்கள் பெருகிவிட்டன. உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடியவர்கள் அமெரிக்காவில், ஸியாட்டில் பக்கத்தில் இருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக் கழகத்து நோவா ஸ்னேவ்லி, ஸ்டீவன் ஸைட்ஸ், மைக்ரோஸாப்ட் ஆராய்ச்சிக் கூடத்து ரிச்சர்ட் ஸெலிஸ்கி ஆகிய மூவரும் 2006-ல் ஒரு யுக்தியை வெளியிட்டார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு மைக்ரோஸாப்ட் கம்பெனி ஒரு மென்பொருள் தயாரித்து, 2008-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன் பெயர் ‘போட்டோஸிந்த்’.

அது என்ன செய்தது தெரியுமா? பாரிஸ் நகரத்து நோத்ர தாம் மாதா கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போன யார் யாரோ எடுத்து இணையத்தில் போட்டுவைத்த படங்கள் ஏராளம். ஒருவர் தூரத்தில் நின்று கோயில் முழுவதையும் எடுத்திருப்பார். இன்னொருவர் வாசல் சிற்பத்தின் முகத்தை மட்டும் எடுத்திருப்பார். ஒவ்வொரு படத்திலும் எடுப்பாகத் தெரியும் முனைகளையும் மூலைகளையும் இயந்திரம் குறித்துக்கொள்ளும். அதே மூலை வேறு எந்தப் படத்தில் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான்! பொருத்தம் கண்டதும், எடுத்தவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார் என்று கணக்கிட்டு, படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். பார்க்கிறவர்கள் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு, கோயிலைச் சுற்றி வருவது போலவே போகலாம். 2007-ல் இதை ஒரு சபையில் காட்டியபோது வேடிக்கை ஒன்று. கோயில் படம் அச்சிட்ட போஸ்டரை யாரோ படம் எடுத்திருந்தார். அதுவும் தவறாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது!

“பாரிஸ் கோயிலைப் பார்த்து எனக்கு என்ன ஆகவேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஆனதைச் சொல்கிறேன்.

எங்கள் அத்தை காலமானபோது கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. ஆல்பத்தைப் புரட்டினோம். கல்யாணம், சீமந்தம், கிருகப்பிரவேசம் எல்லாவற்றிலும் எல்லோரும் இருந்தார்கள், அத்தை இல்லை. படம் பிடிக்கிற நேரத்தில் அவள் அடுப்பங்கரையில் இருப்பாள். கூப்பிட்டாலும், “நீங்கள் நில்லுங்கள், பாயசம் அடிப்பிடித்துவிடும்” என்பாள். கடைசியில் உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் படங்களைக் கேட்டு வாங்கினோம். முகத்தை அடையாளம் கண்டு சேர்க்கும் மென்பொருள் இப்போது செல்போனிலேயே இருக்கிறதே, அதில் என் தம்பி பிள்ளை எல்லாவற்றையும் போட்டான். அவளுடைய அடையாள அட்டைப் படத்தைக் காட்டித் தேடினான். பதினோரு இடத்தில் அத்தை அகப்பட்டாள்! யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படத்தில், பின்னால், காப்பித் தட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மூலையைத்தான் பெரிதாக்கி மாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் இந்த வித்தையின் அருமை எனக்குத் தெரிந்தது. நம் படத்தில் விட்டுப்போனது ஊரார் படத்தில் இருக்கிறது. சேர்த்துப் பார்க்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சகோதரிகளே, அந்த வழியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அத்தனை அதிசயம் செய்த போட்டோஸிந்தை 2017 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். ஜனங்கள் ஆசையாகக் கோத்துவைத்த காட்சிகளை, நாள் முடிவதற்குள் இறக்கிக்கொண்டவர்களுக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 15-ந் தேதி, நோத்ர தாம் கோயிலிலேயே தீப்பிடித்துக் கூரையும் ஊசிக் கோபுரமும் விழுந்தன. கோயிலைச் செப்பனிட்டு 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். மனிதர்களை அப்படித் திருப்பிக் கட்ட முடியுமா?

ஆகவே, விசேஷம் முடிந்ததும் தாம்பூலப் பையைக் கொடுக்கும்போதே, “எடுத்த படங்களை எனக்கும் அனுப்புங்கள்” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். வந்த படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமானதைக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் முகத்தைச் சேர்க்குமே ஒழிய, இவள் யாருக்கு என்ன உறவு என்று அதற்குத் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் வருஷத்தையும் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த முறை எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும்போது, அடுப்பை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்லி, உள்ளே இருப்பவளையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.