நாடாவில் இருந்த குரல்

தோட்டப்புற வாழ்க்கையின் பல காட்சிகள் இன்று பழைய ஒளிநாடாக்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. 1980, 1990-ஆம் ஆண்டுகளில் மலாக்கா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் திருமணம் நடந்தால், பட்டணத்திலிருந்து ஒளிப்பதிவாளர் ஒருவர் வருவார். அவர் கனத்த கருவியைத் தோளில் சுமந்துகொண்டு லயத்து வீடுகளுக்கிடையே நடக்க, சிறுவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். பின்னர்ப் பல தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறின. எங்கள் குடும்பமும் அலோர் காஜா மாவட்டத்திலுள்ள சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அம்மா பத்திரமாக எடுத்து வந்த பொருள்களுள் ஓர் ஒளிநாடாவும் இருந்தது.

அது 1991-ஆம் ஆண்டில் நடந்த அக்காவின் திருமணப் பதிவு. மணமக்களை வாழ்த்தி அப்பா இரண்டு நிமிடம் பேசுவார். பால்மரம் சீவிய அப்பா மேடையேறிப் பேசியது அந்த ஒரு நாள்தான். அவர் மறைந்த பிறகு நிழற்படங்கள் பல இருந்தன. குரல் மட்டும் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை. “ஒரு தடவை அவர் பேசுறதைக் கேட்கணும்பா,” என்று 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மா கேட்டார். அம்மாவுக்குக் கணினி பழக்கமில்லை. டிவிடி வட்டு என்றால் அவரே இயக்கிப் பார்ப்பார். ஆகவே, நாடாவை வட்டாக மாற்றும் வேலையில் இறங்கினேன்.

நாடா என்றும் நிலைத்திருப்பதில்லை. 1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறை உலகெங்கும் பரவியது. ஆனால், அதை இயக்கும் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் நாட்டின் ஈரப்பதமோ நாடாவுக்குப் பெரும் பகை. பெட்டியைத் திறந்தபோது நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால், அது கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து இயக்கும் நாடாக்களுக்கும் பரவும். நாடா சிக்கி அறுந்துபோகவும் கூடும். மின்பொருள் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் முகக்கவசம் அணிந்துகொண்டு, உறையின் ஐந்து திருகாணிகளையும் கழற்றினார். நாடாவை மெல்லச் சுழற்றி, நூல் பிரியாத துணியால் துடைத்தார். பிறகு சுருள்களை வேறொரு தூய உறைக்குள் வைத்து மூடினார். நாடாவின் நீளம் 250 மீட்டருக்கும் அதிகம். அந்த வேலைக்கு ஒரு நாள் முழுதும் பிடித்தது.

அடுத்து, படப்பிடிப்புக் கருவி வழியாக நாடாவின் காட்சிகளைக் கணினியில் ஏற்றினேன். திரையில் படம் வண்ணமின்றி மேலும் கீழும் உருண்டது. நாடா கெட்டுவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. காரணம் வேறு. மலேசியாவின் அன்றைய தொலைக்காட்சியும் ஒளிநாடாக்களும் பி.ஏ.எல். முறையைச் சேர்ந்தவை, அம்முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடும். புதிய மென்பொருளோ, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முன்பு வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அமைப்பை மாற்றியதும் மணப்பந்தலின் சிவப்பும் பச்சையும் திரும்பி வந்தன.

ஆனால், அப்பா பேசும் இடம் வந்தபோது உதடு முந்தியது, சொல் பிந்தியது. பழைய நாடாவின் சமிக்ஞை தடுமாறும்போது கணினி சில படங்களைத் தவறவிட்டுவிடுகிறது. ஒலி மட்டும் தொடர்ந்து பதிவாகிறது. 25 படங்கள் தவறினால் ஒரு நொடி இடைவெளி உண்டாகும். நேரம் செல்லச் செல்ல அது கூடிக்கொண்டே போகும். எனவே, மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு, மூன்று மணி நேரப் பதிவை அரைமணி நேரத் துண்டுகளாக மீண்டும் ஏற்றினேன். ஒவ்வொரு துண்டும் புதிதாகத் தொடங்கியதால் இடைவெளி பெருகவில்லை. உதடும் சொல்லும் ஒன்றுசேர்ந்தன.

வட்டில் எழுதும்போதும் இடர்கள் வந்தன. சாதாரண டிவிடி வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், நல்ல தரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரக் காட்சியே அதில் அடங்கும். மூன்று மணி நேரத்தையும் ஒன்றில் திணித்தால் முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதையும். ஆதலால், இரண்டு வட்டுகளாகப் பிரித்தேன்.

முதல் வட்டு கணினியில் ஓடியது. அம்மா வீட்டு இயக்கியிலோ ஓடவில்லை. கோப்பை வெறுமனே படியெடுத்தால் போதாது. டிவிடிக்குரிய வடிவத்துக்கு மாற்றி, இறுதியில் வட்டை நிறைவுசெய்யும் கட்டளையையும் இடவேண்டும். அவ்வாறு செய்த பிறகு படம் ஓடியது. எனினும், முடியும் தறுவாயில் திக்கியது. டிவிடியில் தரவு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக எழுதப்படுகிறது. மிக வேகமாக எழுதும்போது வெளியோரத்தில் பிழைகள் மிகலாம். 16 மடங்கு வேகத்தை 4 மடங்காகக் குறைத்ததும் திக்கல் நீங்கியது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு குறை மிஞ்சியது. நாடா கசங்கியிருந்த ஓரிடத்தில், அப்பாவின் வாழ்த்து ஏழெட்டு நொடிகள் வெறும் இரைச்சலாகிப் போனது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலவில்லை. அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரைச்சல் வந்ததும், “ரெண்டு குடும்பமும் ஒரே குடும்பம்னு சொன்னாரு,” என்றார். உடனே அப்பாவின் குரல் மீண்டும் தொடர்ந்தது.

அம்மா சொன்னதை அப்படியே எழுதி வட்டுகளின் உறைக்குள் வைத்தேன். வட்டும் அழியாத பொருளன்று. வெயிலும் வெப்பமும் அதையும் கெடுக்கும். அதனால், ஒரு படியை அம்மா வீட்டு அலமாரியிலும், மற்றொன்றை வன்தட்டிலும் வைத்தேன். மூன்றாம் படியை ஜொகூர் பாருவிலுள்ள அக்காவுக்கு அனுப்பினேன். அன்றிரவே அக்கா தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னணியில் அப்பா வாழ்த்திக்கொண்டிருந்தார்.