அத்தாவுடன் வாங்கிய பழைய கார்

புதிய காரின் விலையைக் கடையில் எழுதி வைத்திருப்பார்கள். பழைய காரின் விலையோ, அதைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தே அமைகிறது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாங்குபவர் கண்டுகொண்ட நிறை விற்பவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே பழைய கார் வியாபாரத்தில் தெரிந்தவர் கையில்தான் தராசு இருக்கிறது. அதை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதைக் கொண்டே அந்த வியாபாரத்தில் பரக்கத் இறங்குவதும் இறங்காததும்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிற்கு ஒரு கார் தேவைப்பட்டது. அம்மாவை மாதம் இருமுறை பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு பேருந்துப் படி ஏற அவர்களால் இயலவில்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் அமர்த்த மதரஸாச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. வட்டிக் கடனில் கார் வாங்கும் பேச்சு எங்கள் வீட்டில் எழுவதே இல்லை. ஆகவே கையிலிருந்த 60,000 ரூபாய்க்குள் கிடைப்பதே எங்கள் கார் என்றாயிற்று.

அந்தத் தொகைக்கு மாருதி 800 ஒன்றைத் தேடலாம் என்று சொன்னவர்கள் அத்தா. 1983 டிசம்பரில் முதல் கார் விற்கப்பட்டது முதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, முப்பது ஆண்டுகள் விற்பனையான வண்டி அது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிறிய இஞ்சின். உதிரிபாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். அங்கே கிடைக்காதவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடி எடுத்துவிடலாம். "மூடியைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறைவா ஒண்ணும் இல்லாத வண்டி" என்றார்கள்.

அத்தா தனியார் பேருந்து நிறுவனம் ஒன்றின் பணிமனையில் 31 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர்கள். எழுபத்திரண்டு வயதில் கைநடுக்கம் வந்தது. வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வீட்டில் பல்பு மாற்றக்கூட யாரும் அவர்களை நாற்காலியில் ஏற விடுவதில்லை. ஐந்து வேளை பள்ளிவாசல், மற்ற நேரம் திண்ணை என்று நாட்கள் சென்றன. கார் பார்க்கப் போகலாம் என்று முடிவானதும், பெட்டியிலிருந்து பழைய டார்ச் விளக்கையும் ஒரு காந்தத் துண்டையும் தேடி எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

நான்கு வண்டிகளைப் பார்த்தோம். முதல் மூன்றையும் அத்தா வேண்டாம் என்றார்கள். ஒன்றை நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தனர். குளிர்ந்த இஞ்சினை முதன்முதலாக எழுப்பும்போதுதான் அதன் நோய் தெரியும். சூடான பிறகு பல நோய்கள் மறைந்துவிடும். இன்னொன்றின் சைலன்சரில் நீலப் புகை வந்தது. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது என்று அதற்குப் பொருள். மூன்றாவதன் கதவின் அடியில் அத்தா காந்தத்தை வைத்தபோது அது ஒட்டவில்லை. பெயிண்டுக்கு உள்ளே தகடு இல்லை, பட்டி பூசித் தேய்த்திருந்தனர்.

நான்காவது வண்டி கடலோர ஊர் ஒன்றில், ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. 2007இல் பதிவானது; 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் உரிமையாளர் வஃபாத்தாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியின் தம்பி எங்களுக்குக் காரைக் காட்டினார். கேட்ட விலை 36,000 ரூபாய்.

அத்தா அவசரப்படவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பி, உள்ளே வெண்ணிறப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள். தண்ணீர் ஆயிலோடு கலந்தால் அது படியும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படித்தார்கள். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கால்மிதியைத் தூக்கி, தரைத் தகட்டை விரலால் அழுத்தினார்கள். உப்புக் காற்று அதை உளுத்த மரம்போல ஆக்கியிருந்தது. பிறகு வேறு பேட்டரியை இணைத்து இஞ்சினை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். கை நடுங்கினாலும் காது நடுங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அந்த இளைஞரை அழைத்துச் சொன்னார்கள்.

"தம்பி, தரைத் தகடு போயிடுச்சு. டயர் நாலும் மாத்தணும், கிளட்சும் மாத்தணும். ஆனா இஞ்சின் ரொம்ப நல்லா இருக்கு. மச்சான் ஒழுங்கா ஆயில் மாத்தி வச்சிருக்காரு. நீங்க 36 சொல்றது கம்மி. செலவெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் 48 போகும்."

உடன் வந்த எங்கள் மைத்துனர் திகைத்துப்போனார். கேட்டதைவிட 12,000 ரூபாய் கூட்டிக் கொடுப்பாரும் உண்டா என்று வெளியே வந்து கேட்டார். வீணான கேள்வி அல்ல அது. எங்கள் கையில் இருந்ததே 60,000தான். பழுதுபார்க்கும் செலவு பின்னால் நின்றது. விற்பவர் மனமொப்பிச் சொன்ன விலைக்கு வாங்குவது கூடும்தானே என்பது அவருடைய வாதம். அத்தா ஒன்றுதான் சொன்னார்கள்: "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாதவன் மாதிரி வாங்க முடியாது."

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாளர், அவர்களுக்காக 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரை பேசி அழைத்து வந்த செய்தி நம்மில் பலர் அறிந்ததே. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது அதைவிட மதிப்புள்ளது என்று உடையவரிடம் சொல்லி, நூறு நூறாக உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்தே வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் செய்த பைஅத்தைத்தான் அதற்குக் காரணமாகக் கூறினார்கள். மதரஸாவில் ஆண்டுதோறும் நாங்கள் பாடமாகச் சொல்லும் செய்தி இது. அத்தா இதைப் பாடமாக ஓதியவர்கள் அல்லர். ஆனாலும் அந்த முற்றத்தில் அவர்கள் செய்தது அதுவே.

இதில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. உரிமையாளர் இறந்த அன்றே அந்தக் கார் வாரிசுகளின் சொத்தாகிவிட்டது. அவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருந்தனர். தந்தை முன்பே வஃபாத்தாகியிருந்தார். கடனோ வஸிய்யத்தோ இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. 48,000 ரூபாயில் மனைவிக்கு 6,000, தாய்க்கு 8,000. எஞ்சிய 34,000 ரூபாய் வயது வராத அந்த இரு பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால் குறைந்திருக்கும் 12,000 ரூபாயில் 8,500 ரூபாய் யத்தீம்களின் பங்கு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் மைத்துனர் மறுபேச்சுப் பேசவில்லை. 20,000 ரூபாயை அழகிய கடனாகத் தந்ததும் அவர்தான். திருமறை பணித்தபடி அதை எழுதி, இரு சாட்சிகளோடு கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டோம்.

இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை வாங்குவோர் சட்ட நடைமுறையையும் அறிந்திருப்பது நல்லது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு 31ஆம் படிவம் கொடுத்து, வண்டியை முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பின்னரே விற்பனைக்குரிய 29, 30ஆம் படிவங்கள். இறந்தவரின் கையெழுத்தைத் தானே போட்டுச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் கிடைப்பார்கள். அது பொய்ச் சாட்சியமாகும். எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது, காத்திருந்தோம்.

கார் வீடு வந்த பிறகு, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரமும் வெள்ளிக்கிழமை விடுமுறையும் வேலைக்கென ஆயின. தரைத் தகட்டை வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலைக்கும் கிளட்சுக்கும் பட்டறைக்குப் போனோம். மற்றதை வீட்டு வாசலிலேயே செய்தோம். அத்தா முக்காலியில் அமர்ந்து டார்ச் பிடிப்பார்கள். ஸ்பேனர் எங்கள் கையில். கழற்றிய போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசை மாறாமல் வைப்பது அவர்கள் பொறுப்பு. அந்த வரிசையின் பின்முனையிலிருந்து எடுத்து மாட்டினால் ஒன்றுகூட மிஞ்சாது.

டைமிங் பெல்ட் மாற்றிய நாள் மறக்கக்கூடியதன்று. இஞ்சினின் கீழ்ச் சுழற்சியையும் மேலே வால்வுகளின் சுழற்சியையும் இணைத்து ஓட்டும் பல் வைத்த பெல்ட் அது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பழைய வண்டியில் முதலில் மாற்ற வேண்டியதும் அதுவே. குறிகள் நேராக நிற்பதைப் பார்த்து மூடியைப் போடப் போனோம். அத்தா தடுத்தார்கள். "கையால ரெண்டு முழுச் சுத்து சுத்து. திரும்பக் குறி சேருதான்னு பார்த்துட்டு மூடு." முதல் முறை ஒரு பல் தள்ளி நின்றது. கழற்றி மீண்டும் மாட்டினோம். பிறகும் இரண்டு சுற்று. குறிகள் சேர்ந்தன. மதரஸாவில் பாடம் ஒப்பிக்கும் மாணவரைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓதச் சொல்வோமே, அதே ஒழுங்குதான் இங்கும்.

பிரேக் வேலை ஒருவரால் ஆகாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தின் அருகே சிறு திருகைத் தளர்த்தி, காற்றுக் குமிழிகள் ஆயிலோடு வெளியேறியதும் இறுக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அத்தா அமர்ந்தார்கள். கை நடுங்குபவர்களுக்குக் காலில் உறுதி இருந்தது. "மிதிங்கத்தா", "பிடிங்க", "விடுங்க" என்று கீழிருந்து சொல்லச் சொல்ல, நான்கு சக்கரங்களுக்கும் ஒரு மணி நேரம் மிதித்தார்கள். வியர்த்துக் களைத்து இறங்கியவர்கள் அன்றிரவு, ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கி உண்டார்கள். அம்மா எங்களைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

பழுதுபார்ப்புக்கு மொத்தம் 35,400 ரூபாய் ஆயிற்று. அதில் டயர்களும் டிங்கரிங்கும் சேர்ந்து பாதிக்கு மேல். அக்டோபரில் 15 ஆண்டு நிறைவடைந்தபோது பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டு சென்றோம். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. இத்தகைய கார் வாங்குவோர் இதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்து, குனிந்து தரைத் தகட்டையும் பார்த்து, யார் வேலை என்று கேட்டார். அத்தாவைக் காட்டினோம். அவர் எழுந்து அத்தாவோடு கைகுலுக்கினார். 2027 வரை பதிவு கிடைத்தது.

பெற்றோருக்குச் செய்யும் கித்மத் என்றதும் உணவு, மருந்து, துணிமணி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை கடமை, அவற்றில் குறை வைக்கலாகாது. ஆயினும் முதியவர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் கற்ற தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் வந்து கேட்பதும், அவர் சொன்னபடி செய்வதும் கித்மத்தே. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு தச்சரோ தையற்காரரோ விவசாயியோ அமர்ந்திருக்கலாம். மரம் வாங்கும் முன், துணி வாங்கும் முன், நிலம் பார்க்கும் முன் அவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொருளின் குணம் தெரியும். அதைவிட, தெரிந்ததை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் தெரியவரும்.

அல்ஹம்துலில்லாஹ், அம்மாவின் தஞ்சாவூர்ப் பயணம் இப்போது அந்தக் காரில்தான். அத்தா இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வருகிறார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோ வேண்டாம் என்பார்கள். இஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமாம். அந்த யத்தீம் பிள்ளைகளின் சொத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் பெற்றோரின் அறிவிலிருந்து பயன்பெறும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.