திருமயம் கோட்டையை வீட்டில் செஞ்ச கேமராவுக்குள் அடக்க எந்த லென்ஸ்?

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமயம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே கோட்டை தெரிந்துவிடும். பெரிய பாறை, அதைச் சுற்றி மதில், உச்சியில் கொத்தளம், அதன் மேல் ஒரு பீரங்கி. சேதுபதிகள் 1687-ல் கட்டிய இந்தக் கோட்டைக்கு மக்கள் வாயில் இன்றும் ‘ஊமையன் கோட்டை’ என்றுதான் பெயர்.

மொபைலை எடுத்து ‘0.5’ என்ற பட்டனைத் தட்டினால் போதும். மதில், பாறை, வானம் எல்லாம் திரைக்குள் வந்துவிடும். இதே வேலையை மரப்பலகையில் வீட்டிலேயே செய்த பெட்டிக் கேமராவில் செய்ய ஆசைப்பட்டால்? அங்கேதான் பர்ஸுக்கு வேலை வருகிறது. பெட்டி செய்ய ஒரு பிளைவுட் துண்டும் கறுப்புப் பெயின்ட்டும் போதும். லென்ஸ்தான் செலவு. தப்பான லென்ஸை வாங்கிவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

திருமயத்துக்குப் பெரிய கேமரா புதிதல்ல. 1858-லேயே ஒருவர் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பெயர் லின்னேயஸ் ட்ரைப், ராணுவ கேப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றியவர், புதுக்கோட்டைச் சீமைக்கென்றே தனியாக ஓர் ஆல்பம் வெளியிட்டார். திருமயம் பாறையும் அதில் இருக்கிறது. அவருடைய நெகட்டிவ் கண்ணாடியோ ஃபிலிமோ அல்ல, மெழுகு ஏற்றிய காகிதம். அளவு ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். அகலக் கோணத்துக்குப் பேர் வாங்கிய ‘குளோப்’ லென்ஸுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1862-ல்தான். ட்ரைப் காலத்தில் காட்சி ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்றால் ஒரே வழி, கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது.

இன்று திருமயத்தில் பின்னால் நடந்தால் கடை, மின்கம்பம், ரோடு எல்லாம் குறுக்கே வரும். அதனால்தான் வைடு லென்ஸ் தேவைப்படுகிறது.

வீட்டில் கேமரா செய்பவர்கள் பெரும்பாலும் 4-க்கு 5 அங்குல ஃபிலிமுக்குத்தான் செய்வார்கள். இந்த அளவுக்கு 150 மி.மீ. லென்ஸ் சாதாரணப் பார்வை, 90 மி.மீ. என்றால் வைடு. கணக்கு லேசானது. 15 மீட்டர் அகலமுள்ள ஒரு மண்டபத்தை முழுசாக எடுக்க 150 மி.மீ. லென்ஸோடு கிட்டத்தட்ட 19 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 90 மி.மீ. என்றால் 11 மீட்டர் சொச்சம் போதும். நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம் பார்த்தவர்களுக்கு இந்த 8 மீட்டரின் அருமை தெரியும். பாறைச் சரிவில் நிற்கிற கோயில், சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரச் சன்னதிகள். நினைத்த இடத்துக்கெல்லாம் ட்ரைபாடோடு பின்வாங்க முடியாது.

‘அப்போ 90 மி.மீ. என்று போட்டிருந்தால் எதையும் வாங்கலாமா?’ என்றால், கூடாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு லென்ஸும் பின்னால் ஒரு வட்டமாகத்தான் காட்சியை விழவைக்கும். 4-க்கு 5 ஃபிலிமில் படம் விழும் பகுதி மூலைக்கு மூலை சுமார் 154 மி.மீ. வட்டம் அதைவிடச் சின்னதாக இருந்தால் நான்கு மூலையும் கறுப்பு. பழைய மடிப்புக் கேமராவின் 105 மி.மீ. லென்ஸ், என்லார்ஜர் லென்ஸ், புரொஜெக்டர் லென்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும், எண்ணும் பொருத்தமாகத் தெரியும். ஆனால் அவை பெரும்பாலும் சின்ன ஃபிலிமுக்காகச் செய்தவை.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டான அறையில், ஜன்னலுக்கு எதிரே லென்ஸைப் பிடியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத்தாள். தூரத்து மரம் தாளில் தெளிவாகத் தலைகீழாக விழும்போது, வெளிச்ச வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால் குறித்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள். அப்படியே கண்ணாடிக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. நம்மூர் ஈரக்காற்றில் பழைய லென்ஸுக்கு வரும் முதல் வியாதி அது.

செகண்ட் ஹேண்டில் இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். இரண்டுமே ஜெர்மனியின் ஷ்னைடர் கம்பெனி தயாரிப்பு. ஒன்று 90 மி.மீ. ‘ஆங்குலான்’, எஃப் 6.8. உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ், வட்டம் 154 மி.மீ. அதாவது, மயிரிழையில் பாஸ். இன்னொன்று 90 மி.மீ. ‘சூப்பர் ஆங்குலான்’, எஃப் 8. கனம் அதிகம், விலையும் அதிகம், வட்டம் 216 மி.மீ. இந்தக் கூடுதல் வட்டம் எதற்கு? கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் கோட்டை உச்சி ஃப்ரேமுக்குள் வரும், மதிலும் சாய்ந்து தெரியாது. சூப்பர் ஆங்குலானில் சுமார் 4 செ.மீ. வரை நகர்த்தலாம். ஆங்குலானில் நகர்த்தினால் மூலை போய்விடும்.

அசையாத பெட்டியாகச் செய்திருந்தால் ஆங்குலானே போதும். நகர்த்த வழியில்லாத கேமராவுக்கு 216 மி.மீ. வட்டம் வாங்குவது, சைக்கிளுக்கு லாரி டயர் வாங்குகிற கதை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் கஸ்டம்ஸ் வரியும் சேரும், அதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் குறைக்க வேண்டுமா? ஷட்டர் இல்லாத லென்ஸ் வாங்கலாம். ஃபிலிமுக்குப் பதில் கறுப்பு வெள்ளை பிரின்ட் போடும் பேப்பரையே நெகட்டிவாக வைத்தால், அதன் வேகம் ஐ.எஸ்.ஓ. 6 அளவுக்குத்தான் இருக்கும். சுள்ளென்ற வெயிலில் எஃப் 45 வைத்தால் ஒரு செகண்டுக்கு மேலேயே வெளிச்சம் காட்ட வேண்டும். லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, ‘ஒண்ணு’ என்று நிதானமாகச் சொல்லி மூடினால் வேலை முடிந்தது. எக்ஸ்ரே ஃபிலிமும் மலிவு. 8-க்கு 10 அங்குல ஷீட்டை மங்கலான சிவப்பு விளக்கில் வெட்டினால் நான்கு படத்துக்கு ஆகும். வேகம் அதிகம் என்பதால் இதற்கு ஷட்டர் தேவைப்படும், இரண்டு பக்கமும் பூச்சு என்பதால் கீறலும் சுலபமாக விழும். எக்ஸ்ரே எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவருவதால் இனி எத்தனை நாள் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பேப்பரோ எக்ஸ்ரேயோ, நீல வானம் வெள்ளையாகத்தான் விழும். ட்ரைப்புக்கும் இதே தலைவலிதான். அவர் நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டிச் சமாளித்தவர்!

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு ஊசித்துளை. தகரத்தில் 0.35 மி.மீ. துளை, ஃபிலிமிலிருந்து 90 மி.மீ. தூரம். பேப்பர் நெகட்டிவ் என்றால் வெயிலில் முக்கால் நிமிஷத்துக்குக் குறையாமல் திறந்து வைக்க வேண்டும். படம் கொஞ்சம் சொதசொதவென்று இருந்தாலும் மூலை கறுக்காது, மங்க மட்டும் செய்யும். ஃபோக்கஸும் வேண்டாம். லென்ஸ் வாங்குவதற்கு முன் எந்தக் கோணம் பிடிக்கிறது என்று பார்க்க இது நல்ல ஒத்திகை.

லென்ஸ் போட்ட பெட்டியில் ஃபோக்கஸை ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம். 90 மி.மீ. லென்ஸை எஃப் 22-ல் வைத்து சுமார் 3.7 மீட்டருக்கு ஃபோக்கஸ் செய்தால், 2 மீட்டரிலிருந்து கோட்டை உச்சிவரை எல்லாம் தெளிவு. அதற்கு லென்ஸ் வழக்கமான இடத்திலிருந்து வெறும் 2 மி.மீ. முன்னால் வர வேண்டும். இந்த 2 மி.மீ. பலகையில் தப்பினால் எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். பின்பக்கம் ஃபிலிம் இருக்கும் இடத்தில் தேய்த்த கண்ணாடியோ டிரேசிங் பேப்பரோ வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். திருமயம் கோட்டையும் விஜயாலய சோழீஸ்வரமும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குச் சிக்கல் இல்லை, ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். திருச்சியில் உள்ள துறையின் வட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சித்தன்னவாசல் குகைக்குள் படமெடுக்கப் பொதுவாக விடுவதில்லை. திருமயத்தில் கோட்டைப் பாறையின் தெற்குப் பக்கம் உள்ள சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்கள் பூஜை நடப்பவை. அங்கே கேட்காமல் கேமராவை எடுக்கக் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் திருமயத்தின் தெற்குப் பக்கம் வெளிச்சம் தாராளம். நார்த்தாமலைக் கோயில் மேற்குப் பார்த்தது, அதற்குப் பிற்பகல்தான். எதிரே பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கும் சமணர் குடகு கிழக்குப் பார்த்தது. காலையில் குடகு, மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டும் முடியும். மலையில் தண்ணீர் கிடைக்காது, பாட்டிலை மறக்காதீர்கள்.

ட்ரைப்பின் வேலையை 1859-ல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் நிறுத்திவிட்டார். காரணம், இவ்வளவு செலவு ஆடம்பரமாம்.