வளரும் பிள்ளையின் பாதம்

பள்ளி ஆண்டு தொடங்குமுன் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கப் போகும் பெற்றோரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை நாற்காலியில் அமர்த்திச் சப்பாத்தை மாட்டிவிட்டு, அதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமிழும் அளவுக்கு இடமிருந்தால் அவர்கள் முகம் மலரும்; இல்லையேல் அடுத்த அளவை எடுத்துவரச் சொல்வார்கள். ‘வளரும் பிள்ளை’ என்ற இரண்டே சொற்களில் வாணிபம் முடிந்துவிடும். தோட்டத்து வாழ்க்கையில் ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து அணிந்து தேய்த்த தலைமுறையின் சிக்கனம் அது. முனையில் பஞ்சைத் திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் பலர் படித்து உயர்ந்தும் இருக்கிறார்கள். ஆகவே அச்சிக்கனத்தைப் பழிப்பதற்கில்லை.

ஆனால் பனித்தளத்தில் அதே சிக்கனம் குழந்தையின் காலை வாரிவிடுகிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில் பனிச்சறுக்கா என்று வியப்போர் இன்னும் உளர். பண்டார் சன்வேயிலுள்ள பிரமிட் பேரங்காடியில் 1997ஆம் ஆண்டே பனிச்சறுக்குத் தளம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் ஜூரோங் கிழக்கில் 2012இல் ஒலிம்பிக் அளவிலான தளமொன்று அமைந்து, அது இருந்த ஜேகியூப் கட்டடம் 2023இல் மூடப்படும்வரை நடைபெற்றது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பனிச்சறுக்கும் இடம்பெற்றது. அதில் தங்கம் வென்ற ஜூலியன் யீ, மறு ஆண்டே தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் சார்பில் சறுக்கினார். வெயிலில் பிறந்த பிள்ளைகளுக்குப் பனி அந்நியமன்று என்பதற்கு இவ்வளவு சான்று போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பமொன்றில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கும் இந்த ஆசை பிறந்தது. வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்காகத் தளத்திற்குச் சென்றவள், அன்று இருபது முறையாவது விழுந்திருப்பாள்; ஒருமுறையும் அழவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தார்கள். மூன்று மாதம் வாடகைக் காலணியில் பழகினாள். பின்னர்த் தந்தை சொந்தமாக ஒரு சோடி வாங்கிவந்தார், வழக்கப்படி இரண்டு அளவு கூட்டி. இரண்டு ஆண்டுக்காவது வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த நாள் முதல் சிறுமியின் கணுக்கால்கள் உட்புறமாகச் சாயத் தொடங்கின. தளத்தின் ஓரக் கம்பியை விட்டு விலக அஞ்சினாள். காலணி ஆடுகிறது என்று அவள் சொன்னபோது இன்னொரு காலுறை மாட்டிவிட்டார்கள். பிறகு மூன்றாவதும் ஏறியது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். பிள்ளைக்குக் கணுக்கால் வலுவில்லை என்றார் ஒருவர். இந்த விளையாட்டு நம் பிள்ளைகளின் உடல்வாகுக்கு ஆகாது என்றார் மற்றொருவர். கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, தன் காலில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நம்பத் தொடங்கினாள். அதே கால்கள் நடன வகுப்பில் அரைமண்டியில் அசையாமல் நிற்பவை என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. சில வாரங்களில் சனிக்கிழமை பற்றிய பேச்சையே அவள் எடுக்காமல் விட்டாள். குழந்தைகள் விழுவதனால் ஒன்றை விட்டுவிடுவதில்லை. தம்மால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கும்போதே விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் வகுப்பை நிறுத்திவிட எண்ணிய நேரத்தில், அலகு தீட்டும் முதிய சீனக் கைவினைஞர் ஒருவரிடம் காலணியைக் கொண்டுசென்றாள் தாய். விற்றுவிடுமுன் தீட்டி வைக்கலாம் என்பது எண்ணம். அவர் சிறுமியின் கணுக்காலைப் பார்க்கவே இல்லை. மூன்று காலுறைகளையும் கழற்றச் சொல்லிவிட்டு, காலணிக்குள்ளிருந்த உள்தாளை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் அவளை நிற்கச் செய்தார். விரல்களுக்கு முன்னால் ஒன்றரை விரல்கடை வெற்றிடம் தெரிந்தது. அதற்குமேல் அவர் விளக்கம் ஏதும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆங்கில அளவு முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழங்காலத்தில் வாற்கோதுமை மணி ஒன்றன் நீளமாகக் கொள்ளப்பட்டது அது. இரண்டு அளவு கூட்டினால் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். நடக்கும் சப்பாத்தில் இது பொருட்டன்று. பனியிலோ குழந்தையின் உடல் முழுவதும் சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு அலகின்மேல் நிற்கிறது. அவ்வலகும் தட்டையானதன்று. அதன் அடிப்பாகம் நெடுக வாய்க்கால்போல் குழிந்திருக்கும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர் விளிம்புகள் அமைகின்றன. வளைந்து செல்வதும் திரும்புவதும் நிற்பதும் இவ்விரண்டில் ஒன்றன்மேல் சாய்வதனால் நிகழ்பவையே. பாதம் சாயும்போது காலணியும் உடனே சாயவேண்டும். காலணிக்குள் பாதம் தனியே நழுவினால், குழந்தை ஒன்றை எண்ண, அலகு வேறொன்றைச் செய்யும். கணுக்கால் உள்ளே மடிவது பெரும்பாலும் அக்காலின் குற்றமன்று. பிடிப்பில்லாத காலணியில் வேறெப்படி நிற்க இயலும்?

இன்னொரு கேடும் உண்டு. நடனச் சறுக்கலுக்குரிய அலகின் முனையில் ரம்பப் பற்கள் இருக்கும். துள்ளி எழும்பவும் சுழலவும் அவை தேவை. காலணி நீண்டால் அலகும் நீளும். விரல்களுக்கு வெகுதூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் பனியில் மாட்டி, குழந்தை முகங்குப்புற விழும். அப்பற்களை அராவி எடுத்துவிடச் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். அளவைத் திருத்துவதை விடுத்து அலகைத் திருத்துவது எவ்வகையில் பொருந்தும்?

பாதமும் அலகும் ஒன்றாக இயங்கவேண்டும் என்பது பனிச்சறுக்குக் கலையில் பழைய பாடம். முற்காலத்தில் ஐரோப்பியர் வழக்கமான காலணியின் அடியில் அலகை வாரினால் கட்டிக்கொண்டனர். 1860களில் அமெரிக்க நடனக் கலைஞரான ஜாக்சன் ஹெயின்ஸ் அலகைக் காலணியோடு உறுதியாகப் பிணைத்துச் சறுக்கினார். வியன்னாவில் இசைக்கேற்ப அவர் ஆடிய ஆட்டமே இன்றைய நடனச் சறுக்கலுக்குத் தோற்றுவாய் என்பர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அலகுக்கும் காலணிக்கும் இடையே நீக்கப்பட்ட ஆட்டத்தை, பெரிய அளவு வாங்குவோர் காலணிக்கும் பாதத்துக்கும் இடையே மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

அளவெடுக்கும் முறை எளியது. மாலை வேளையில் பாதம் சற்றே பருத்திருக்கும். அப்போது அளப்பது நன்று. மெல்லிய காலுறை ஒன்றை அணிவித்து, தரையில் விரித்த தாளின்மேல், குதிகால் சுவரைத் தொடும்படி குழந்தையை நிறுத்தவேண்டும். உட்கார்ந்திருக்கும் பாதத்தை அளந்து பயனில்லை. உடல் எடை ஏறும்போதே பாதம் தன் முழு நீளத்தையும் அகலத்தையும் காட்டும். இரண்டு பாதங்களையும் அளந்து, நீண்டதைக் கணக்கில் கொள்ளவேண்டும். பாதத்தின் அகன்ற பகுதியையும் குறித்துக்கொள்ளல் நலம். இந்தக் காலணிகள் பல, நடக்கும் சப்பாத்தைவிட ஓரளவோ ஒன்றரை அளவோ குறைவான எண்ணில் பொருந்துவதும் உண்டு; எனவே எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரை நம்புவதே அறிவுடைமை.

அணிவித்தபின் செய்யும் சோதனைதான் முதன்மையானது. கயிற்றைக் கட்டுமுன் பாதத்தை முன்னே தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்க்கவேண்டும். வளரும் பிள்ளைக்கு ஒரு பென்சில் நுழையும் இடம் போதும். தாயின் விரல் தாராளமாகப் போய்வந்தால் அது பெரிது. அடுத்துக் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே இருத்தி, கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். விரல்களின் மேல் தளர்வாகவும், புறங்காலிலும் கணுக்கால் வளைவிலும் இறுக்கமாகவும், உச்சிக் கொக்கிகளில் மறுபடியும் சற்றுத் தளர்வாகவும். உச்சிவரை ஒரே இறுக்கமாகக் கட்டுவது அன்பின் மிகுதியால் நேரும் தவறு. முழங்கால் முன்னே மடங்காமல் போய்விடும். நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் முனையை இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் அவை பின்வாங்கவேண்டும். முன்பாதத்தில் எழும்பி நிற்கும்போது குதிகால் உள்ளே உயர்ந்தால், அந்தக் காலணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். உடனே வாங்கிவிடாமல் கால்மணி நேரமாவது அணிந்திருக்கச் செய்து, பின் கழற்றிச் சிவந்த இடங்களைப் பார்க்கவேண்டும். ‘வலிக்கிறதா’ என்று கேட்டால், புதுக்காலணி ஆசையில் எந்தக் குழந்தையும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

விலை கூடியதும் விறைப்பு மிகுந்ததும் சிறந்தது என்று எண்ணுவாரும் உண்டு. கடினமான துள்ளல்கள் ஆடும் வீரர்களுக்குரிய விறைத்த காலணியை இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு மாட்டினால், அதனால் கணுக்காலை மடக்கவே முடியாது. அரைமண்டி அமர வேண்டிய சிறுமியின் காலில் மூங்கில் பத்தையைக் கட்டிவிட்டது போலாகும். தொடங்கும் பிள்ளைக்கு வேண்டியது பக்கவாட்டில் தாங்கி, முன்னே வளைந்துகொடுக்கும் காலணி. வாடகைக் காலணிகள் சிலவற்றில் இந்தத் தாங்கும் தன்மை பலர் காலில் தேய்ந்து போயிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தபின் எஞ்சியது பணம். ஏழு வயதுப் பிள்ளையின் பாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் சரியான அளவில் வாங்கும் காலணி ஓராண்டு வருவதே அரிது. வீட்டில் பாட்டி நேராகவே கேட்டார்.

“வருசத்துக்கு ஒருக்கா இத்தனை வெள்ளி கொடுத்துச் சப்பாத்து வாங்கினா குடும்பம் தாங்குமாம்மா?”

“தாங்காது அத்தை. அதனாலதான் பழசு பார்க்கலாம்னு இருக்கேன்.”

மருமகளின் விடை பாட்டிக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளின் கால் காலணியை முந்திக்கொண்டு வளர்வதால், அதிகம் தேயாத சோடிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பழையதில் பார்க்கவேண்டியவை மூன்று. கணுக்கால் பகுதித் தோல் மடிந்து ஆழ்ந்த கோடு விழுந்திருந்தால் அதன் தாங்கும் வலு போய்விட்டது. அலகில் துரு குழி பறித்திருக்கக்கூடாது. பலமுறை தீட்டித் தீட்டி ரம்பப் பற்களின் அருகே தேய்ந்தும் இருக்கக்கூடாது. காலணியை அணிந்து ரப்பர்த் தரையில் நிற்கும்போது அலகு பாதத்தின் நடுவே நேராக நிற்கவேண்டும். கோணலாகப் பொருத்திய அலகும் கணுக்காலைச் சாய்த்துவிடும். பெரிய சோடியை விற்ற பணத்தோடு சிறிது சேர்த்து, மூத்த மாணவி ஒருத்திக்குச் சிறுத்துப்போன காலணியைத் தாய் வாங்கினாள். அதன் நாக்கின் உட்புறத்தில் முன்னே அணிந்த இரு சிறுமிகளின் பெயர்கள் மையினால் எழுதப்பட்டிருந்தன. மூன்றாவதாகத் தன் பெயரையும் எழுதச் சொன்னாள் பிள்ளை. அந்தச் சனிக்கிழமை அவள் ஓரக் கம்பியை விட்டுப் பத்தடி தூரம் போனாள். மறுவாரம் தளத்தைச் சுற்றிவந்தாள். கணுக்கால் வலு பற்றிய தீர்ப்புகளை வழங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்நாட்டுக் காற்றின் ஈரத்தில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். பனியைவிட்டு இறங்கியதும் நடப்பதற்குக் கடினமான உறை போடவேண்டும். வீடு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, அலகைத் துடைத்து உலர்த்தித் துணியுறையில் வைக்கவேண்டும். நடக்கும் உறையிலேயே விட்டுவைத்தால் உள்ளே தேங்கும் நீர் ஓரிரு நாளில் துருவாகிவிடும். இந்தப் பொறுப்பைப் பாட்டி யாரிடமும் கேளாமல் தாமே எடுத்துக்கொண்டார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் அவர். கத்தி மழுங்கினால் பட்டை சிதையும், ஆழப்போனால் மரம் புண்படும் என்று அறிந்த கை. அலகின் அடியிலுள்ள வாய்க்காலை விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஒரு பக்க விளிம்பு மற்றதைவிட உயர்ந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது மருமகள் நம்பவில்லை. தீட்டுபவரிடம் கொண்டுபோனபோது, அவரும் அதையே சொன்னார்.