கோபுரம் போன ஊரில் ஒரு நாள்

வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்கள் நாகப்பட்டினத்தில் சற்றே நின்று கிளம்பிவிடுகின்றன. அதில் போகிறவர்களில் கொஞ்சம் பேராவது இங்கே இறங்கி, ஒரு பகல் முழுக்க இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வெயில் ஏறுமுன் காயாரோகணர் கோயிலுக்குப் போய்விடுங்கள். நீலாயதாட்சி அம்மன் கோயில் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தேவார மூவரும் பாடிய நாகைக் காரோணம் இதுதான். மீனவரான அதிபத்த நாயனாரும் இந்த ஊர்க்காரரே. அவர் நினைவாக ஆவணி ஆயில்யத்தில் தங்கமீனைக் கடலில் விடும் விழா இன்றும் நடக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னனின் ஆட்கள் கடல் கடந்து வந்து இந்தச் சிவன் கோயிலுக்குக் கொடுத்தவை கல்வெட்டில் இருக்கின்றன.

அவர்களுக்கென்று இங்கே ஒரு பௌத்தப் பள்ளியும் இருந்தது. ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எழுப்பியது. 1006 வாக்கில் ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுதான் நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் இளவரசர் காய்ச்சலோடு தங்கும் விகாரம் இதுவே, உண்மையில் அது கதை நடக்கும் காலத்துக்குப் பிந்தியது.

இந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டு வரை ஒரு பழைய பௌத்தக் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: மூன்று நிலை, நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு, சாந்து பூசாமல் இறுக்கிப் பொருத்திய செங்கல். கரை நெருங்கும் மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். 1867இல் அரசின் அனுமதியோடு ஏசு சபைப் பாதிரியார்கள் இங்கே நடத்திய தங்கள் கல்லூரிக்காக அதை இடித்தார்கள். அந்தக் கல்லூரியும் 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. இன்னும் 16 ஆண்டு பொறுத்திருக்கக் கூடாதா என்று என் மனம் ஆறவே இல்லை.

டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்து, 1690இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக்கினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். டச்சுக்காரர்கள் 1774இல் கட்டிய பேதுரு ஆலயம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மத்தியான வெயிலில் அலைய வேண்டாம். சாப்பிட்டுப் படுத்தெழுந்து, மாலையில் வடக்கே நாகூருக்குப் போகலாம். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். வாசல் கடைகளில் காணிக்கைத் தகடுகளை எடுத்துப் பாருங்கள்: கை, கால், கண், வீடு, கப்பல். பினாங்கு, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்களின் வேண்டுதல் அந்தக் கப்பலில் இருக்கிறது. அங்கேயும் நாகூர் ஆண்டவருக்குத் தர்கா கட்டினார்கள். திரும்பும் முன் சுடச்சுட வாடா சாப்பிடுங்கள், மேலே இறால் பதித்ததாக.

ஒன்று பாக்கி இருக்கும். 1856 முதல் நாகை மண்ணில் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அடுத்த முறை சென்னை போகும்போது அவற்றையும் பார்த்துவிடுங்கள்.